பதினேழாம் கோடு

பதினேழாம் கோட்டில் ஓநாய் கால் வைக்கக் கூடாது என்பதற்காக எர்னஸ்டின் ஏழு கோடை குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். இடுப்பில் நாற்றுப் பை, கையில் குட்டை மண்வெட்டி, முகத்தைச் சுற்றிக் கொசுவலை. வலைக்கு உள்ளேயும் நாலு கொசு இருக்கும். அதுகளைத் திட்டிக்கொண்டேதான் நடுவாள். ஒரு நாளைக்கு எழுநூறு நாற்று. அவளுக்குக் கீழே ஐந்து பெண்கள். அவர்களையும் எழுநூறுக்குக் குறைய விடமாட்டாள். மத்தியானம் டீயும் சட்டி ரொட்டியும் சாப்பிட உட்கார்ந்தால்கூட, கடித்த ரொட்டியை விழுங்குவதற்குள் எழுந்துவிடுவாள் என்று அந்தப் பெண்களுக்கு அவள்மேல் வருத்தம் உண்டு.

கோடு என்பது சும்மா ஒரு வெட்டுத்தான். நாற்பது வருடத்துக்கு முன்னால் எண்ணெய் தேடி வந்தவர்கள், பூமிக்குள் வெடி வைத்து அதிர்வு பார்ப்பதற்காகக் காட்டை நேர்நேராக அறுத்துக்கொண்டு போனார்கள். எண்ணெய் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்கள். கோடுகள் மட்டும் அப்படியே கிடந்தன. பதினேழாவது கோடு பதினோரு கிலோமீட்டர் ஓடி, ஒரு பெரிய சதுப்பில் போய் முட்டி நின்றது. அந்தச் சதுப்பில்தான் காரிபூ என்கிற பனிக்காட்டு மான்கள் கன்று போடும். கிழட்டு ஸ்ப்ரூஸ் மரங்களிலிருந்து தொங்கும் பாசியைத் தின்றுகொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருக்கும். இடுப்பளவு பனியில் முக்கி முனகி அவ்வளவு தூரம் வர ஓநாய்க்கும் பொறுமை கிடையாது. ஆனால் நேராக ஒரு ரோடு போட்டுக் கொடுத்தால் யார்தான் வரமாட்டார்கள்.

ஆகவே ரோட்டை மூட வேண்டும். குளிர்காலத்தில் நிலம் இறுகியதும் பொக்லைன் உள்ளே போய், பள்ளமும் மேடுமாகக் கிளறிப் போடும். இரண்டு பக்கத்து மரங்களையும் குறுக்கே சாய்ப்பார்கள். கோடையில் எர்னஸ்டினும் அவள் ஆட்களும் அந்த மேடுகளில் ஸ்ப்ரூஸ் நடுவார்கள். சதுப்பில் ஸ்ப்ரூஸ் வளருகிற வேகத்தைப் பார்த்தால் அழுகை வரும். முதல் வருடம் நட்டவை ஏழு வருடம் கழித்து அவள் முட்டி உயரத்துக்கு நின்றன. பாசி பிடிக்க இன்னும் ஐம்பது வருடமாவது ஆகும் என்று வனவிலங்கு ஆய்வாளர் பெத்தனி சொன்னாள்.

"அண்ணி, அந்தப் பாசியக் காரிபூ திங்கும்போது, நீயும் நானும் மண்ணுக்குள்ள பாசியாக் கெடப்போம்" என்றான் லியாண்டர். அவன் எர்னஸ்டினின் செத்துப்போன கணவனின் தம்பி. மரம் சாய்க்கும் வேலை அவனுடையது. அண்ணியைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"உம்மேல முளைச்சா ஒண்ணும் திங்காது. கசக்கும்" என்றாள் அவள்.

சிரித்தார்களே தவிர, எல்லோருக்கும் எண்ணிக்கை தெரியும். அந்த மந்தையில் அவள் நடத் தொடங்கியபோது முப்பத்தொன்று இருந்தன. போன இலையுதிர்காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து எண்ணியபோது பதினொன்று. அதில் எட்டு, பெண். அந்த எட்டும் இந்த மே மாதம் கன்று போட்டால், கன்றில் பாதி பிழைத்தால், மந்தை நிமிர்ந்துவிடும் என்று அவள் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வேறு எந்தக் கணக்கும் அவள் வாழ்க்கையில் அவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை.

அந்த ஜனவரியில் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று வயிற்றைக் கிழித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. கடை மாட்டிறைச்சியை இரண்டு கடி கடித்துவிட்டு நாய்க்குப் போட்டாள். மார்ச் பிறந்தும் கைத்தடி மாதிரி இருந்தாள். அதே சமயம் மகள் ஜோலினுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்கச் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணி நேரப் பயணம். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மகளிடம் எர்னஸ்டின் சொன்னாள்:

"ஒரு வாய் மூஸ் சூப் கெடைச்சா எந்திரிச்சு உக்காந்துருவேன்டி. இந்த வருஷம் ஒரு துண்டு கண்ணால பாக்கல."

அப்போது மருமகன் டெர்வின் வாசலில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னோமோ என்று எர்னஸ்டின் பின்னால் பல தடவை யோசித்தாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அவர்கள் பழங்குடியில் வழக்கமில்லை. முகத்தைப் பார்ப்பதும் இல்லை. அது பகையல்ல, மரியாதை. டெர்வின் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு வார்த்தை நேரடியாகப் போனதில்லை, வந்ததில்லை. எல்லாம் ஜோலின் வழியாக. ஜோலின் இல்லையென்றால் நாய் வழியாக. மஸ்குவா என்கிற அந்தக் கறுப்பு நாய்க்கு, இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு வந்த சேதிகளுக்கெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போயிருந்தது.

டெர்வினுக்கு எண்ணெய்க் கம்பெனி முகாமில் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. பிரசவம் வரை விடுப்பு எடுத்திருந்தான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட வரவேண்டாம் என்றது ஜோலின்தான். "அம்மா இந்த ஒடம்போட வெறகு தூக்கக் கூடாது, நீ இங்கயே இரு" என்று கட்டளை. ஆக, பேசிக்கொள்ளக் கூடாத இரண்டு பேர், ஒரு அடுப்பு, ஒரு நாய்.

"மஸ்குவா, அடுப்பு அணையப் போகுது போலிருக்கே" என்பாள் எர்னஸ்டின் ஜன்னலைப் பார்த்து. விறகு வந்துவிடும்.

"மஸ்குவா, மாத்திரை போட்டாச்சான்னு ஒங்க வீட்டுப் பெரியவங்களக் கேளு" என்பான் டெர்வின் சுவரைப் பார்த்து. மாத்திரை டப்பா குலுங்கும்.

மாமியார் வீட்டுக்கு இறைச்சி கொண்டுவருவது மருமகனின் முதல் கடமை. அதை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை. நாலு நாள் பனிவண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் அலைந்தான். மூஸ் குதிரை உயரத்துக்கு நிற்கிற காட்டு மான், ஆனால் ஒரு தடம்கூட இல்லை. வெறும் வண்டியோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் நாயிடம் சொல்லாமல் படுத்தான். ஐந்தாம் நாள் விடியும்போதே கிளம்பிப் போனவன், சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் வண்டிக்குப் பின்னால் கட்டிய இழுவை முழுக்க இறைச்சியோடு வந்து நின்றான்.

மூஸின் மூக்கையும் நாக்கையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். நல்ல துண்டு பெரியவர்களுக்கு. வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னான்:

"மஸ்குவா, ரொம்ப தூரம் போக வேண்டியதாப் போச்சு. ஆத்துப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

எர்னஸ்டின் கையில் சட்டி மூடி. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று நாயிடம் கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

"மஸ்குவா, தூரம் போனவரு களைச்சிருப்பாரு. டீ அடுப்புமேலதான் இருக்குன்னு சொல்லு" என்றாள்.

எலும்பையும் வெங்காயத்தையும் போட்டு, உப்பு மட்டும் சேர்த்து, கடைசியில் ஒரு பிடி அரிசி தூவி இறக்கினாள். மூன்று கிண்ணம் குடித்தாள். வயிற்றுத் தையல் போட்ட இடம் இழுத்தது, அப்படியும் குடித்தாள். நெற்றியில் வியர்த்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு உடம்பு தன்னுடையது என்று தோன்றியது. போனில் ஜோலின் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டபோது, "ஒம் புருஷன் தங்கம்டி" என்றாள். ஒன்பது வருடத்தில் அவனைப் பற்றி அவள் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அது.

மறுநாள் ஊரில் இருந்த வீடுகளுக்கெல்லாம் பங்கு போனது. விலாவை வாங்க லியாண்டர் தானே வந்துவிட்டான்.

"மாப்பிள்ளைன்னா இப்பிடி இருக்கணும். எனக்கும் நீயே ஒரு மகளைப் பெத்துக் குடுத்திருக்கலாம் அண்ணி."

"ஒனக்கு வர்ற மருமகன் அணிலத்தான் கொண்டுவருவான், போடா."

மீதி இறைச்சியை மெல்லிசாக விரித்து அறுத்து, அடுப்புக்கு மேலே கம்பிகளில் தொங்கவிட்டாள். காய்ந்த பிறகு துணிப் பைகளில் கட்டினாள். நாளுக்கு நாள் தெம்பு கூடியது. தானாகவே வாசல் வரை போய்ப் பனி தள்ளினாள். ஜூன் மாதம் நடவுக்குப் போய்விடலாம் என்று நாற்றுப் பையின் அறுந்த வாரைக்கூடத் தைத்து வைத்தாள்.

பத்தாம் நாள் காலையில் பெத்தனியிடமிருந்து போன் வந்தது. இரண்டு காரிபூக்களின் கழுத்தில் கட்டியிருந்த, இடம் காட்டும் ரேடியோப் பட்டைகள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அசையவில்லை. இரண்டும் சதுப்பில், ஒன்றுக்கொன்று நூறு அடி தள்ளி. இன்றைக்கு ஹெலிகாப்டர் கிடைக்காது. பனிவண்டியில் போக வேண்டும். லியாண்டரிடம் சொல்லியாகிவிட்டது.

"நானும் வர்றேன்" என்றாள் எர்னஸ்டின். பெத்தனி ஆபரேஷனை ஞாபகப்படுத்தினாள். எர்னஸ்டின் போனை வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையைத் தேடினாள். டெர்வின் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சேதி சொல்ல நாய்கூட பக்கத்தில் இல்லை.

லியாண்டரின் வண்டிக்குப் பின்னால் இழுவையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து போனாள். பெத்தனி தன் வண்டியில் பின்னால் வந்தாள். குளிர் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பதினேழாம் கோட்டின் வாயில் வண்டி நின்றபோது, லியாண்டர் வண்டியை அணைத்துவிட்டு இறங்காமலே இருந்தான்.

அவன் இரண்டு குளிர்காலம் குறுக்கே சாய்த்த மரங்களில், நடுத்துண்டு மட்டும் இல்லை. மோட்டார் ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, துண்டுகளை ஓரமாக அடுக்கியிருந்தது. ஒரு பனிவண்டி போகிற அகலம், அவ்வளவுதான். அறுத்தவன் கவனமான ஆள். பனிக்கு மேலே ஸ்ப்ரூஸ் கன்றின் நுனி தெரிந்த இடத்திலெல்லாம் தடம் வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது. ஒரு கன்றுகூட ஒடியவில்லை. வண்டியும் இழுவையும் போய்வந்து அழுத்திய தடம், குளிரில் இறுகிச் சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது. அதன்மேல் ஓநாய்க் காலடிகள். ஒன்றின் தடத்திலேயே மற்றொன்று கால்வைத்து, வரிசையாக, அவசரமே இல்லாமல் போயிருந்தன.

"எத்தனை?" என்று பெத்தனி கேட்டாள்.

"ஆறு. ஏழாவும் இருக்கலாம்" என்றான் லியாண்டர். அன்றைக்கு அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

பதினோராம் கிலோமீட்டரில், சதுப்பின் விளிம்பில், தடம் ஒரு வட்டம் போட்டிருந்தது. பனியில் ரத்தம் கறுத்திருந்தது. காக்கைகள் கொத்திய குடல். மூஸ் அறுத்த இடம். கோட்டில் நடவு செய்யாத ஓரமெல்லாம் வில்லோச் செடி துளிர்க்கும், அதைத் தின்ன மூஸ் வரும். எர்னஸ்டினுக்கு அது ஏழு வருடமாகத் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் கிளையில், மூஸின் தொண்டையில் தொங்குகிற தாடித்தோலை அறுத்துக் கட்டியிருந்தது. உயிரைக் கொடுத்த மிருகத்துக்குச் செய்கிற மரியாதை. நல்ல வேட்டைக்காரன் அதைச் செய்யாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். கட்டியிருந்த துணி மஞ்சள், அதில் சின்ன நீலப் பூ. பிறக்கப் போகிற குழந்தைக்கு எர்னஸ்டின் தைத்த மெத்தை உறையின் மிச்சத் துணி.

அவள் இழுவையிலிருந்து இறங்கவில்லை. அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லியாண்டரும் பார்த்தான். பிறகு வண்டியை முடுக்கினான்.

சதுப்பில் அவர்கள் நாலு மணி நேரம் இருந்தார்கள். பட்டை கட்டிய இரண்டு மட்டுமல்ல, மொத்தம் ஏழு கிடந்தன. பனியில் நெஞ்சுவரை புதைந்து, ஓட முடியாமல், நின்ற இடத்திலேயே விழுந்திருந்தன. ஓநாய்கள் பாதிகூடத் தின்றிருக்கவில்லை. ஏழில் ஆறு பெண். மிச்சம் நாலின் தடம் தெற்கே, லாரிகள் போகிற ரோட்டைப் பார்த்துச் சிதறி ஓடியிருந்தது. பெத்தனி ஒவ்வொன்றாக அளந்து, படம் எடுத்து, கடைசியில் ஒன்றின் வயிற்றைத் திறந்தாள். உள்ளே கன்று முழுசாக இருந்தது. முடி படிந்து, குளம்பு இன்னும் வெள்ளையாக, மெத்தென்று. எர்னஸ்டின் மேல்சட்டைப் பையிலிருந்து புகையிலையை எடுத்து ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் காணிக்கையாக ஒரு சிட்டிகை வைத்தாள். ஆறாவதற்கு வரும்போது பை காலியாகிவிட்டது. லியாண்டர் தன் சிகரெட்டைப் பிய்த்துக் கொடுத்தான்.

"கோட்டைத் தெறந்தது யாருன்னு நான் எழுதித்தான் ஆகணும் எர்னஸ்டின்" என்றாள் பெத்தனி. கையுறையைக் கழற்றிய விரல்கள் சிவந்திருந்தன. அவளும் அழுதிருந்தாள்.

"அண்ணி" என்றான் லியாண்டர். பேசாமல் இரு என்று அர்த்தம்.

"என் மருமகன் டெர்வின்" என்றாள் எர்னஸ்டின். "எனக்கு எறைச்சி கொண்டாரப் போனான். அதையும் எழுது. வந்தன்னைக்கே நான் கேட்டிருந்தா, மறுநாளே லியாண்டர் வந்து மரத்தச் சாய்ச்சிருப்பான், அடுத்த பனி எல்லாத்தையும் மூடியிருக்கும். நான் கேக்கல. உக்காந்து மூணு கிண்ணம் குடிச்சேன். அதையும் எழுது."

"அதுக்கெல்லாம் இந்தத் தாள்ல எடமில்ல" என்றாள் பெத்தனி மெதுவாக.

திரும்பும்போது கோட்டின் வாயில் நின்று டீ குடித்தார்கள். பெத்தனி சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்திருப்பாள். ஆனால் எர்னஸ்டின் ஜூன் மாத நடவைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

"நாலுதான் மிச்சம். நாலை மந்தைன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. பிடிச்சு வேற மந்தையில சேக்கலாம்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள அதுகளும் இருக்காது. இந்தக் காட்டுக்குன்னு இருந்த திட்டத்த முடிச்சிருவாங்க எர்னஸ்டின். காரிபூ இல்லைன்னா கோடு எதுக்கு மூடணும்னு கேப்பாங்க. தெக்க புதுசா ரோடு கேட்டு ஏற்கெனவே மனு இருக்கு."

"நட்டதெல்லாம்?"

"அது பாட்டுக்கு வளரும்."

எர்னஸ்டின் ஒரு கன்றின் நுனியைக் கையுறையால் தட்டிப் பனியை உதிர்த்தாள். டெர்வினின் தடம் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. லியாண்டர் ரம்பத்தை எடுத்தான். கோட்டின் வாயிலேயே இரண்டு மரத்தைக் குறுக்கே சாய்த்தான். ஏன் சாய்க்கிறான் என்று இரண்டு பெண்களும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது வெளிச்சம் இருந்தது. கதவைத் திறந்ததும் சூப் வாசனை. டெர்வின் அடுப்பின் பக்கம் நின்றிருந்தான். காய்ந்த இறைச்சியை ஊறவைத்து அவனே காய்ச்சியிருந்தான். அவள் வந்ததும் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆனால் முதுகே சிரித்தது.

"மஸ்குவா, மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துச்சு. பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ. ஜோலின் நல்லா இருக்கா. பாட்டிய வரச் சொல்றான்னு சொல்லு. நாளைக்குக் கெளம்பலாம்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்தினான். "சூப்புல உப்பு சரியான்னும் கேளு."

நாய் தலையைத் தூக்கி எர்னஸ்டினைப் பார்த்தது.

அவள் போர்வையைக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்தாள். அவன் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு விலகினான். ஆவி முகத்தில் அடித்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்கிற சந்தோஷம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. நாளைக்கு வனத்துறை ஆட்கள் வந்து இவனைக் கேட்பார்கள். அவர்கள் வாயால் இவன் தெரிந்துகொள்ளக் கூடாது. நாயிடம் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"டெர்வின்" என்றாள்.

அவன் அசையாமல் நின்றான். ஒன்பது வருடத்தில் அவன் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. மெல்லத் திரும்பினான். முப்பத்தெட்டு வயது ஆளின் முகம், அடி வாங்கப் போகிற முகமாக இருந்தது. அவனுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஓநாய் ஒன் தடத்துல போயிருக்கு. சதுப்பு வரைக்கும்."

அவனுக்குப் புரிய நேரம் ஆனது. "நான் கன்னு ஒண்ணையும் மிதிக்கல" என்றான். அவனும் நேராகவே பேசினான். "ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துத்தான் ஓட்டுனேன். நீங்க நட்டதாச்சேன்னு."

"பாத்தேன்."

"எத்தனை?"

"ஏழு. ஆறு வயித்துல கன்னோட."

அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். அழவில்லை. "நீங்க எந்திரிச்சு நடக்கணும்னுதான்" என்று ஏதோ தொடங்கி விட்டுவிட்டான்.

"நான்தான் வாய் விட்டுக் கேட்டேன். எங்க சுட்டேன்னு கேக்கத்தான் வாய் வரல" என்றாள் எர்னஸ்டின்.

மஸ்குவா தலையைத் தூக்கி ஒருவரைப் பார்த்தது, மற்றவரைப் பார்த்தது. தன்னிடம் யாரும் எதுவும் சொல்லாததால் மறுபடி படுத்துக்கொண்டது.

அவள் கரண்டியை எடுத்தாள். இறைச்சியைக் கொட்டினால் மிருகத்தை அவமதித்ததாகும். அந்த மூஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒவ்வொரு துண்டாக மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்து, கிண்ணத்தின் அடி தெரியும்வரை சாப்பிட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லவும் சொன்னாள். அடுப்புக்கு மேலே கம்பியில் இன்னும் நாலு துணிப் பை தொங்கியது. தினம் ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொண்டால், காரிபூ கன்று போடுகிற மே மாதம் வரைக்கும் வரும்.